பெப்பினா வாழ்ந்த இடம்: ரோம் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 14, இரவு ரயிலும் ரோமும்

ரோம் நகரின் மையத்தில், தெரு மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் பள்ளத்தில், லார்கோ தி தோர்ரே அர்ஜெந்தீனா என்னும் சதுக்கத்தின் கோயில் இடிபாடுகளை ஒட்டி, ஆதரவற்ற பூனைகளுக்கான காப்பகம் ஒன்று இருக்கிறது. அங்கே வாழ்ந்த பெப்பினா என்ற கண்ணில்லாத பூனை சென்ற நவம்பரில் இறந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ரோமுக்கு வந்திருந்தபோது, ஒரு மாலை நேரம் முழுவதும் அவள் என் மடியில் படுத்திருந்தாள். பூனையை வீட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாதவர்கள் தொலைவில் இருந்தபடியே அதன் செலவை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அந்தக் காப்பகத்தில் உண்டு. மியூனிக் திரும்பிய வாரமே அவள் பெயரைச் சொல்லி அதில் சேர்ந்தேன். அதன் பிறகு அவ்வப்போது படங்களும் இரண்டு மூன்று வரிச் செய்திகளும் வந்துகொண்டிருந்தன. சிறுநீரகக் கோளாறால் அவள் போய்விட்டாள் என்ற செய்தியும் அதே அளவில், அதே அன்போடு வந்தது. அதைப் படித்தபோது, அவள் ஒரு நாளை எப்படிக் கழித்தாள் என்பதுகூட எனக்குத் தெரியாது என்பது மனத்தை வருத்தியது. தினமும் அவளைப் பார்த்தவர்களிடம் நேரில் கேட்டறிய வேண்டும் என்பதைத் தவிர இந்தப் பயணத்துக்கு வேறு நோக்கம் கிடையாது.

இரவு ரயில் காலை உணவு நேரத்துக்கு ரோமில் இருந்திருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின், மலைகளுக்கு நடுவே பெயர்ப் பலகைகூடக் கண்ணில் படாத ஒரு சிறு நிலையத்தில் இன்ஜின் பழுதாகி வண்டி நின்றுவிட்டது. மூன்று மணி நேரத்துக்கும் மேலாக வெப்பமூட்டி இயங்கவில்லை. ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் எங்கள் மூச்சே நீராகப் படிந்து வழிந்துகொண்டிருந்தது. என் பெட்டியில் இருந்த வயதான இத்தாலியத் தம்பதி, கேட்காமலேயே தங்கள் போர்வை ஒன்றை என்னிடம் நீட்டினார்கள். அந்த அம்மையார் ஆரஞ்சுப் பழங்களை உரித்து, சுளைகளை ஒரு கைக்குட்டையில் பரப்பி நடுவில் வைத்தார். எதற்காக ரோமுக்குப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, இறந்துபோன ஒரு பூனையைப் பற்றித் தெரிந்துகொள்ள என்று சொன்னேன். இருவர் முகத்திலும் வியப்பே தோன்றவில்லை. பெரியவர் தம் கைபேசியை எடுத்து, சமையலறை மேசையில் படுத்திருக்கும் தங்கள் வீட்டுப் பூனையைக் காட்டினார். அதற்கு வயது பதினேழு என்றும், அதை மகளிடம் விட்டுவிட்டு வந்த கவலையில் தம் மனைவிக்கு இரவு உறக்கமே வரவில்லை என்றும் சொன்னார்.

ரோமில் இறங்கியபோது பிற்பகல் ஆகிவிட்டது. காம்போ தே ஃபியோரிக்கு அருகில் நான்காம் மாடியில் அறை, மின்தூக்கி கிடையாது. பசி பொறுக்காமல் தெருமுனைக் கடையில் சுப்ளி வாங்கித் தின்றேன். தக்காளிச் சாற்றில் வெந்த சோற்றின் நடுவில் மொத்சரெல்லாப் பாலாடைக் கட்டியை வைத்து உருட்டி, ரொட்டித் தூளில் புரட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள். ஒன்று 2 யூரோ 50 காசு. இரண்டு தின்றதும் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. காப்பகம் மூடும் நேரம் ஆகிவிட்டதால் இன்று போகவில்லை.

பிப்ரவரி 15, படிகளுக்குக் கீழே

காப்பகம் நண்பகலில்தான் பார்வையாளர்களுக்குத் திறக்கும் என்பதால், காலையில் சதுக்கத்தைச் சுற்றி நடந்தேன். இத்தாலியக் காபிக் கடைகளில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. கல் மேடையருகே நின்று குடித்த காபி 1 யூரோ 30 காசு. கூடவே மாரித்தோத்சோ என்ற பன் ஒன்று. அதைப் பிளந்து, கடைந்த பாலேட்டை வெளியே பிதுங்கும் அளவுக்கு அடைத்துத் தருகிறார்கள். வெயில் இருந்தது; ஆனால் வடக்கிலிருந்து வீசிய காற்று காதைக் கடித்தது.

இந்தச் சதுக்கத்தின் கதையைச் சொல்லாமல் பெப்பினாவின் கதையைச் சொல்ல முடியாது. 1926இல் புதிய கட்டடங்களுக்காக இங்கிருந்த பழைய வீடுகளை இடித்தபோது, குடியரசுக் கால ரோமின் கோயில்கள் நான்கு வெளிப்பட்டன. அகழாய்வு முடிந்து, 1929 ஏப்ரலில் முசோலினி அந்த இடத்தைத் திறந்துவைத்தார். எந்தக் கோயில் எந்தத் தெய்வத்துக்கு உரியது என்பதில் கருத்து வேறுபாடு இருந்ததால், இன்றும் அவற்றை முதல் நான்கு இலத்தீன் எழுத்துகளால்தான் குறிப்பிடுகிறார்கள். வட்ட வடிவத்தில் உள்ள இரண்டாவது கோயிலின் தூண்கள் ஆறு இன்னும் நிற்கின்றன. அதன் பின்புறம் தெரியும் கற்திரள், கி.மு. 44 மார்ச் 15 அன்று ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்ட, ரோமானியத் தளபதி பொம்பேயுஸ் கட்டிய மன்றத்தைச் சேர்ந்த அடித்தளம். சுற்றுலாப் பயணிகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சீசரைத்தான் தேடுகிறார்கள், சற்று நேரத்தில் ஒரு குழந்தை, "அதோ, பூனை!" என்று கத்தும், உடனே எல்லாக் கைபேசிகளும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். 2023 ஜூன் முதல் இடிபாடுகளுக்குள் நடைபாதை அமைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளேயும் விடுகிறார்கள்.

தோண்டிய பள்ளம் வண்டிகளும் நாய்களும் அண்டாத இடமாக இருந்ததால் பூனைகள் அங்கே குடியேறின. அவற்றைத் தேடி உணவு கொண்டுவந்த பெண்களை ரோமில் கத்தாரே என்று அழைக்கிறார்கள். எதிரே உள்ள அர்ஜெந்தீனா நாடக அரங்கில் நடித்த காலத்தில், இடைவேளைகளில் வந்து சோறிட்ட நடிகை அன்னா மன்யானியையும் அவர்களில் ஒருவராகவே இன்றும் சொல்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் லியா தெக்வெல், சில்வியா விவியானி என்ற இருவர் இந்த வேலையில் சேர்ந்தார்கள். தெருவுக்கு அடியில், நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத சரிந்த கூரையும் ஈரச் சுவரும் உள்ள குகை போன்ற அறைதான் அப்போது காப்பகம். மின்சாரமும் தண்ணீரும் கிடையாது. அங்கிருந்துதான் கருத்தடை, மருத்துவம், தத்துக் கொடுத்தல் என்று எல்லாம் வளர்ந்தது. 2012இல் தொல்லியல் அதிகாரிகள் அந்தக் கட்டுமானம் நான்காம் கோயிலின் எச்சங்கள் மேல் அனுமதியின்றி நிற்பதாகச் சொல்லிக் காலி செய்யச் சொன்னபோது, நகரமே எதிர்த்து நின்றது. தொன்மையைக் காப்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் எண்பது ஆண்டுகளாக அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உயிர்களும் அந்த இடத்தின் வரலாற்றில் சேர்ந்தவைதாம் என்பதே என் உறுதியான எண்ணம்.

பன்னிரண்டு மணிக்கு இரும்புப் படிகளில் இறங்கினேன். வாசலில் நின்ற நரைமுடி அம்மையாரிடம் பெயரைச் சொன்னதும், அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பெப்பினாவின் ஆள் நீங்கள்தானா?" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, என்னாலும் பேச முடியவில்லை. பிறகு, நோயுற்ற பூனைகளும் ஊனமுற்ற பூனைகளும் இருக்கும் உள்ளறைக்கு அழைத்துச் சென்றார்.

அவர் சொன்னதிலிருந்தும், தரையைத் துடைத்துக்கொண்டிருந்த இளைஞர் இடையிடையே சேர்த்ததிலிருந்தும் அவளுடைய ஒரு நாள் எனக்குப் புரியத் தொடங்கியது. குட்டியாக இருந்தபோதே, பூனைகளைத் தாக்கும் ஹெர்ப்பீஸ் கிருமியால் இரு விழிகளும் அழிந்துபோன நிலையில், ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து யாரோ அவளைப் படிகளில் விட்டுச் சென்றிருக்கிறார்கள். மருத்துவர் விழிகளின் எச்சத்தை எடுத்துவிட்டு இமைகளைத் தைத்துவிட்டார். அவள் நடமாடத் தொடங்கிய நாள் முதல் அந்த அறையில் எந்தப் பொருளையும் யாரும் இடம் மாற்றியதில்லை. தண்ணீர்க் கிண்ணம் கதவின் இடப்புறம், மணல் தட்டு மூலையில், அவளுடைய மரப்பெட்டி வெப்பமூட்டிக்குக் கீழே. இன்றும் அப்படியே இருக்கின்றன. அவளைத் தொடுவதற்கு முன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது புதிதாக வரும் தொண்டர்களுக்குச் சொல்லித் தரும் முதல் விதியாக இருந்திருக்கிறது. உணவு தயாரானதும் தகரத் தட்டின் விளிம்பில் கரண்டியால் இரு முறை தட்டுவார்கள். அவள் வலப்பக்க மீசை சுவரை உரச, சுவரோரமாகவே வந்து சேர்வாள். இளைஞர் குனிந்து அந்தச் சுவரைக் காட்டினார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கதவு முதல் மரப்பெட்டி வரை, வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் மங்கலான பழுப்புக் கோடு ஒன்று ஓடுகிறது. அவள் உடல் உரசி உரசிப் படிந்த தடம் அது. மற்ற இடங்களைக் கழுவிவிட்டு அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

மாலை ஆறு மணிக்கு அங்கிருந்து கிளம்பினேன். இரவு உணவுக்கு மிளகும் பெக்கொரீனோப் பாலாடைக் கட்டியும் மட்டும் சேர்த்த பாஸ்தா, 12 யூரோ. மிளகின் காரம் நன்றாக இருந்தது. ஆனால் தட்டில் பாதியை மிச்சம் வைத்தேன். பரிமாறியவர் உணவில் குறையா என்று கவலையோடு கேட்டார். இல்லை, மனம் சரியில்லை என்றேன். அவர் கேட்காமலேயே ஒரு சிறு குவளையில் எலுமிச்சை மதுவைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பணம் வாங்கிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 16, மழையும் ஊசியும்

விடிந்தது முதல் மழை. ரோமின் பழைய தெருக்களில் பதித்திருக்கும் கருங்கற்கள் நனைந்துவிட்டால் கால் நிற்பதில்லை. இரு முறை வழுக்கினேன். முதல் தூறல் விழுந்ததுமே வங்கதேச இளைஞர்கள் குடைகளோடு தெருமுனைகளில் நின்றுவிடுகிறார்கள். ஒருவர் 10 யூரோ என்றார், பிறகு தாமாகவே 5க்கு இறங்கினார். பாந்தியோன் அருகே வீசிய காற்றில் குடையின் கம்பி இரண்டு ஒடிந்தது. திரும்பும் வழியில் அதே இளைஞர் அதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு மறுத்தும் கேளாமல் வேறு குடையை மாற்றிக் கொடுத்தார்.

நேற்றுச் சந்தித்த அம்மையார், பார்க்க வேண்டியது என்று ஒரு தெருவைச் சொல்லியிருந்தார். சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் வியா தெல்லா கத்தா என்ற குறுகிய தெரு. அதன் முனையில் உள்ள மாளிகையின் முதல் மாடி விளிம்பில், உண்மைப் பூனையின் அளவில் ஒரு பளிங்குப் பூனை நின்றபடி கீழே பார்க்கிறது. இந்தப் பகுதியில் இருந்த ஐசிஸ் தெய்வத்தின் எகிப்தியக் கோயிலுக்கு உரியது அந்தச் சிற்பம். அது பார்க்கும் இடத்தில் புதையல் இருக்கிறது என்று ஊரார் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். மழையில் முகத்தை உயர்த்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் தேய்ந்து, கண்கள் இருந்த இடம் கீழிருந்து பார்க்கும்போது வழவழப்பாகத்தான் தெரிகிறது.

மதியம் பழைய யூதக் குடியிருப்பில் கூனைப்பூ (ஆர்டிசோக்) தின்றேன். முழுப் பூவையும் எண்ணெயில் இரு முறை பொரிக்கிறார்கள். இதழ்கள் விரிந்து அப்பளம் போல் நொறுங்குகின்றன, நடுப்பகுதி மட்டும் வெண்ணெய்போல் குழைகிறது. ஒரு பூ 7 யூரோ. இந்தப் பருவத்தில் வருபவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

பிற்பகலில் காப்பகத்தில், சிறுநீரகம் பழுதான ஒரு கிழட்டுப் பூனைக்கு மருந்து ஏற்றுவதைப் பார்க்கக் கேட்டு அனுமதி பெற்றேன். பெப்பினாவின் கடைசி ஓராண்டு முழுவதும் இதே முறையில்தான் அவளைப் பார்த்துக்கொண்டார்கள். வயதான பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படும் நோய் இது. சிறுநீரகம் நீரைத் தக்கவைக்கும் திறனை இழந்துவிடுவதால், பூனை எவ்வளவு குடித்தாலும் உடல் வறண்டுகொண்டே போகும், எடை குறையும், பசி அற்றுப்போகும். எனவே உப்புநீர்க் கரைசலைத் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். பையைச் சுவரிலுள்ள ஆணியில் மாட்டுவதற்கு முன், அதை வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டு உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தார் அந்த இளைஞர். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தோலை விரல்களால் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, அதன் அடிவாரத்தில் ஊசியைச் செருகினார். சில நிமிடங்களில் முதுகின் மேல் உள்ளங்கை அளவு மேடு எழும்பியது. பிறகு மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்தது. ஊசியை எடுத்ததும் அந்த இடத்தை ஒரு விரலால் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தார். அவ்வளவு நேரமும் மறு கையால் பூனையின் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். பெப்பினாவுக்கு முன்னங்காலைத் தொட்டால் பிடிக்காது, ஆனால் ஊசியைப் பொருட்படுத்தவே மாட்டாள் என்றும், வெந்நீர்ப் பாத்திரத்தின் சத்தம் கேட்டதும் தானே மேசையருகே வந்து நின்றுவிடுவாள் என்றும் அவர் சொன்னார். மருத்துவம் படிக்கும் மாணவர் அவர். இந்த வேலைக்கு ஊதியம் எதுவும் பெறுவதில்லை.

பிப்ரவரி 17, பூனைகள் தினம்

1990 முதல் இத்தாலியில் இந்த நாளைப் பூனைகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். பதினேழு இங்கே ஆகாத எண். பூனைகளையும் நெடுங்காலம் ஆகாதவை என்று ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு மறுமொழியாகவே இந்தத் தேதியைத் தேர்ந்தார்களாம். காப்பகத்தில் கால் வைக்க இடமில்லை. பள்ளிப் பிள்ளைகள் தீவனப் பொட்டலங்களோடு வரிசையில் நின்றார்கள். கூட்டத்துக்கு இடையூறாக இருக்க விரும்பாமல், ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வெளியேறினேன்: பெப்பினாவை எங்கே புதைத்தீர்கள்? இங்கே எதையும் புதைக்க முடியாது என்றார் நரைமுடி அம்மையார். தொல்லியல் நிலத்தில் ஒரு பிடி மண்ணைக்கூடத் தோண்டக் கூடாது; இறந்தவற்றை எரியூட்டத்தான் அனுப்புகிறார்கள்.

அதன் பின் கால் போன வழியில் நடக்காமல், பேருந்து ஏறி செஸ்தியுஸ் பிரமிடுக்குப் போனேன். கி.மு. முதல் நூற்றாண்டில் ஒரு ரோமானியருக்குக் கல்லறையாகக் கட்டப்பட்டது அது. அதன் நிழலில் கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கும் தொண்டர்கள் பராமரிக்கும் ஒரு பூனைக் கூட்டம் வாழ்கிறது. நுழைவாயிலில் 5 யூரோ நன்கொடை கேட்கிறார்கள். 1821இல் இறந்த கவிஞர் கீட்ஸின் கல்லறையையும், இத்தாலியக் கம்யூனிஸ்ட் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்ஷியின் அஸ்தி வைத்திருக்கும் இடத்தையும் பார்த்தேன். கிராம்ஷியின் கல்லறை மேல் யாரோ சிவப்புப் பூக்கள் வைத்திருந்தார்கள். பக்கத்து மேடையில் சாம்பல் நிறப் பூனை ஒன்று வயிற்றைக் காட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அங்கே அழுகை வந்தது. அருகில் களை பறித்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் தலையை உயர்த்திப் பார்த்தார், பின் வேலையை அந்தப் பக்கமாக மாற்றிக்கொண்டு என்னைத் தனியே விட்டார். அந்த நாகரிகத்தை நான் மறக்கமாட்டேன்.

பிப்ரவரி 18, பதிவேடு

ஊர் திரும்பும் நாள். பதினொரு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பூனைக்கும் ஒரு மருத்துவப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். பெப்பினாவுடையதை எனக்காக எடுத்து வைத்திருந்தார் அம்மையார். நீல அட்டை போட்ட தடித்த நோட்டு. பலருடைய கையெழுத்துகள். அவர் ஒவ்வொரு பக்கமாக மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லக் கேட்டேன். கருத்தடை செய்த நாள், பல் பிடுங்கிய நாள், எடை, மருந்தின் அளவு. அவற்றுக்கு நடுவே, "இன்று தனியே வெளிக்கல் வரை போனாள்", "புதிய தொண்டரைக் கடித்தாள், அவர் பெயர் சொல்லாமல் தொட்டார்", "மூன்று கால் பூனையோடு ஒரே பெட்டியில் உறங்கினாள்" என்ற குறிப்புகள். கடைசிப் பக்கத்தில் எடை 2 கிலோ 100 கிராம். அதன் கீழே ஒரு வரி: காலையில் எதுவும் உண்ணவில்லை, பதினொன்று முதல் ஒன்று வரை வெளிக்கல்லில் வெயிலில் இருந்தாள்.

அந்தக் கல்லையும் காட்டினார். வாசலுக்கு வலப்புறம், முழங்கால் உயரத் துண்டுத் தூண். இப்போது அங்கே வேறொரு பூனை இருந்தது.

1991 ஆகஸ்ட்டில் வந்த 281ஆம் எண் சட்டத்தைப் பற்றியும் அவர்தான் விளக்கினார். இத்தாலியில் தெருவில் சுதந்திரமாக வாழும் பூனையைத் துன்புறுத்துவது குற்றம். பொதுச் சுகாதாரத் துறை அதற்குக் கருத்தடை செய்து, பழைய கூட்டத்திலேயே திரும்ப விட வேண்டும். கடும் நோய் அல்லது குணமாக்க முடியாத நோய் இருந்தாலன்றி அதன் உயிரை எடுக்க முடியாது. 2001இல் ரோம் நகராட்சி இந்தச் சதுக்கத்தின் பூனைகளை நகரின் மரபுச் செல்வத்தில் ஒரு பகுதியாகவும் அறிவித்தது. இந்தச் சட்டம் இல்லாத நாட்டில், விழியில்லாமல் அட்டைப் பெட்டியில் கிடந்த ஒரு குட்டிக்கு இவ்வளவு நீண்ட பதிவேடு இருந்திருக்காது. ஆனால் சட்டம் மட்டும் போதாது என்பதை அந்தக் கையெழுத்துகளே சொல்கின்றன.

இனி எந்தப் பூனையின் செலவை ஏற்கிறீர்கள் என்று அவர் தயக்கத்தோடு கேட்டார். இன்னொரு பெயரைத் தேர்ந்தெடுக்க இப்போது எனக்கு மனமில்லை என்று சொன்னேன். அப்படியானால் எதற்குப் பணம் எளிதில் கிடைப்பதில்லை என்று கேட்டேன். குட்டிகளின் படத்தைப் பார்த்துப் பலர் தருகிறார்கள், உப்புநீர்ப் பைக்கும் ஊசிக்கும் தருபவர்கள் குறைவு என்றார். சிறுநீரக நோயுள்ள பூனைகளுக்கான கரைசலும் ஊசியும் வாங்க அந்த மாதத் தொகையை மாற்றித் தரும் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு, அடுத்த மாதம் குட்டிகள் வரத் தொடங்கும் என்பதால் பழைய துண்டுகளும் போர்வைகளும் தேவைப்படும் என்று அவர் சொன்னதையும் குறித்துக்கொண்டேன். மியூனிக்கில் யாரிடமாவது கிழியாத பழைய துண்டுகள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். சேர்த்து ஒரே பெட்டியாக அனுப்பிவிடுகிறேன்.